வீட்டை இடிக்கும் முன் யாரைக் கேட்கிறார்கள்?

டில்லியில் ஒரு குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டுமானால் அந்தப் பைல் எத்தனை மேஜைகளைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் லோதி ரோட்டில் ஒரு நடை நடந்து வரலாம். சப்தர்ஜங் சமாதி அருகே புறப்பட்டு நிஜாமுதீன் பக்கம் மதுரா ரோட்டில் போய் முடிகிற இந்தச் சாலையிலும் அதன் கிளைகளிலும் முக்கியமான மேஜைகளில் பல இருக்கின்றன. சர்க்கார் குடியிருப்புகளைக் கட்டித் தருகிற என்.பி.சி.சி. நிறுவனத்தின் கட்டடம் லோதி ரோட்டில்தான். வரைபடத்தைப் பார்த்து அமைப்பு சரியா என்று சொல்லும் டில்லி நகர்ப்புறக் கலை ஆணையம் லோதி ரோடு ஹாபிடட் சென்டருக்குள் இருக்கிறது. சுற்றுச்சூழல் அமைச்சு பக்கத்து ஜோர் பாக் ரோட்டில், இந்திரா பர்யாவரண் பவனில். எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று நிர்ணயிக்கும் டி.டி.ஏ.வின் விகாஸ் சதன் இன்னும் சற்றுத் தள்ளி ஐ.என்.ஏ.யில். காலை டிபனை முடித்துக் கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா வாசல்களையும் பார்த்துவிடலாம்.

இத்தனை வாசல்களில் எந்த வாசலில், எந்தக் கட்டத்தில், அங்கே குடியிருக்கிற மனிதர் தம் வாயைத் திறக்கலாம் என்பதுதான் விஷயம். டில்லித் தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிற குமாஸ்தா குடும்பங்களும் சரி, நாலாக் கரையில் ஜுக்கி போட்டுக் கொண்டு வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிற குடும்பங்களும் சரி, கடந்த பத்து ஆண்டுகளில் இந்த வாசல்களில் எழுதப்பட்ட குறிப்புகளால் இடம் பெயர்ந்திருக்கிறார்கள். பலருக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

பழைய காலனிகள்

லோதி காலனி, பிரிட்டிஷார் புது டில்லியில் கட்டிய கடைசிக் குடியிருப்பு. 1940-களில் சர்க்கார் ஊழியர்களுக்காக எழுந்தது. டபிள்யூ.எச். நிக்கல்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் திட்டம் அது. உயரமான வளைவு வாசல்கள், இரண்டே மாடி, நடுவில் பிள்ளைகள் விளையாட முற்றம் என்ற அந்த அமைப்பில் குடியிருந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் எழுதிய டில்லியில் உலவுகிற மனிதர்கள் இப்படிப்பட்ட காலனிகளிலிருந்து பஸ் ஏறியவர்கள்தான். 2015-க்குப் பிறகு அந்தச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டு, படம் எடுத்துக்கொள்ள ஊரெல்லாம் வருகிறது. குடியிருப்பவருக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கொடியில் காயும் வேட்டியும் படத்தில் விழுந்துவிடுகிறது என்பதைத் தவிர.

சுதந்திரத்திற்குப் பிறகு 1950-களில் வினய் நகர் என்ற பெயரில் தெற்கே பெரிய குடியிருப்பு வளர்ந்தது. அதுவே பிற்பாடு சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், லக்ஷ்மிபாய் நகர் என்று பெயர்கள் பிரிந்தது. லோதி காலனியை ஒட்டிய தென்புறத்தில் தியாகராஜ் நகரும், சேவா நகர் ரயில் நிலையத்தருகே கஸ்தூர்பா நகரும் இருந்தன. தியாகராஜ் நகர் என்ற பெயரைக் கேட்டதுமே தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருவையாறு ஞாபகம் வந்துவிடும். அந்தப் பிரமையிலேயே அங்கே குவார்ட்டர்ஸ் கேட்டு விண்ணப்பித்தவர்கள் உண்டு என்று சொன்னால் நம்பலாம்.

2016 ஜூலை 5-ஆம் தேதி மத்திய மந்திரி சபை ஒரு முடிவு எடுத்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீனிவாசபுரி, முகமத்பூர் என்ற ஏழு காலனிகளை இடித்துத் திரும்பக் கட்டுவது. அப்போது அங்கே இருந்த வீடுகள் 12,970. வரப்போகிறவை சுமார் 25,667. மொத்தச் செலவு, 30 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து, 32,835 கோடி ரூபாய். இந்தப் பணத்துக்கு பட்ஜெட்டைத் தேடவில்லை. நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வியாபாரக் கட்டடங்கள் எழுப்பி, அவற்றை விற்று, அந்தத் தொகையில் வீடுகளைக் கட்டிக்கொள்வது என்பது ஏற்பாடு. முதல் மூன்று காலனிகள் என்.பி.சி.சி. பொறுப்பு. மற்ற நான்கும் மத்தியப் பொதுப்பணித் துறை பொறுப்பு. லோதி காலனி இந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு முன்பே கிழக்கு கித்வாய் நகர் இதே வழியில் போயிற்று. 2,444 பழைய வீடுகள் இருந்த இடத்தில் 4,600-க்கு மேற்பட்ட வீடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. லோதி சுல்தான்கள் காலத்துப் பிரபு தரியா கான் லோகானியின் சமாதி அந்தக் காலனிக்குள்தான் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் காலமானவர் சார்பில் இவ்வளவு தூரம் கவனிக்கச் சட்டம் இருக்கிறது. உயிரோடு குடியிருக்கிறவர் சார்பில் என்ன இருக்கிறது என்று தேடினால்தான் சங்கடம்.

வீடு இரட்டித்தால் என்ன ஆகும்?

பழைய வீடுகள் ஓட்டை, ஒழுகல், காரை பெயர்ச்சி. வெயிட்டிங் லிஸ்டோ நீளம். டைப் மாறக் காத்திருந்தே ரிடையர் ஆனவர்கள் உண்டு. ஆகவே வீடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது என்றால் குமாஸ்தா வயிற்றில் பால் வார்த்தது போல்தான். இந்த நியாயத்தை மறுக்க முடியாது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 2007 பிப்ரவரி 7-இல் கெஜட்டில் வந்த மாஸ்டர் பிளான், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நிலத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை மொத்தத் தளப்பரப்பை அனுமதித்தது. அதாவது 1,000 சதுர மீட்டர் நிலத்தில் மாடிகள் எல்லாம் சேர்ந்து 2,000 சதுர மீட்டர். தரையை அடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பழைய இரண்டு மாடிக் காலனிகளில் இந்த அளவில் பாதிகூட உபயோகமாகவில்லை. மிச்சமிருந்த இடம்தான் வேப்பமரமாகவும், கிரிக்கெட் மைதானமாகவும், கார்த்திகைக்குக் கோலம் போட்டு விளக்கு வைக்கிற முற்றமாகவும் இருந்தது. பிளானில் அது 'உபயோகமாகாத நிலம்'. உபயோகித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று கார். ஒவ்வொரு 100 சதுர மீட்டர் தளத்துக்கும் இரண்டு கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்பது அதே மாஸ்டர் பிளானின் விதி. பஸ் பாஸ் வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவருக்கும் கணக்கில் கார் உண்டு. இவ்வளவு கார்களுக்கு நிலத்தடித் தளம் தோண்ட வேண்டும். தோண்டினால் மரத்தின் வேர் நிற்காது. சரோஜினி நகர் மரங்களுக்கு வந்த ஆபத்து வீட்டால் வந்ததைவிட வண்டியால் வந்தது அதிகம் என்று நகர அமைப்பு தெரிந்தவர்கள் அப்போது வாதாடினார்கள்.

இத்தனைக்கும் சாலை அகலப்படவில்லை. லோதி ரோடும் அரவிந்தோ மார்க்கும் ரிங் ரோடும் முன்பு இருந்த அதே சாலைகள். வீடுகள் மட்டும் இரட்டிப்பு, அவற்றோடு சேர்த்து வியாபாரக் கட்டடங்கள். நௌரோஜி நகரில் இப்போது குடியிருப்பே இல்லை. வர்த்தக மையக் கோபுரங்கள் வந்துவிட்டன. தண்ணீர், சாக்கடை, பஸ், பள்ளிக்கூட இடம் இவை எல்லாம் போதுமா என்று பரிசீலிக்க வேண்டிய கட்டம் பிளான் பரிசீலனைதான். பரிசீலனை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. முனிசிபாலிடியின் லேஅவுட் கமிட்டி, கலை ஆணையம், தீயணைப்பு இலாகா, மர அதிகாரி, சுற்றுச்சூழல் நிபுணர் குழு என்று ஒவ்வொருவரும் தத்தம் பாகத்தைப் பார்க்கிறார்கள். எல்லாம் அதிகாரிகளுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் இடையே நடக்கிற பேச்சு. கலை ஆணையம் தன் கூட்டத் தீர்மானங்களை இணையதளத்தில் போடுகிறது. ஆனால் அவற்றைப் படிக்கப் பழகியவர்கள் மிகச் சிலர்.

சட்டத்தில் விட்ட இடம்

பெரிய தொழிற்சாலை, சுரங்கம், அணை என்றால் அந்த வட்டாரத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதிப்பு அறிவிக்கை விதிக்கிறது. அதே அறிவிக்கை கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்களுக்கும் இந்தக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் மக்களைக் கேட்க வேண்டாம். ஏழு காலனிகளின் அளவுக்கு ஒரு வேலை நடந்தும் காலனிவாசிகளை ஒரு ஷாமியானாவின் கீழ் உட்கார வைத்து 'இது பிளான், என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனதற்கு இந்த விலக்கு ஒரு காரணம். நிலம் சர்க்காருடையது, வீடு சர்க்காருடையது, குடியிருப்பவர் அலாட்டி என்பது இன்னொரு காரணம்.

ஆகவே எதிர்ப்பு வேறு வழியில் வெடித்தது. 2018 ஜூனில், நௌரோஜி நகரில் ஏற்கெனவே மரங்கள் விழுந்துவிட்ட பிறகு, சரோஜினி நகரில் ஜனங்கள் திரண்டு மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டப்படவிருந்த மரங்கள் சுமார் 16,500 என்று டில்லி ஹைகோர்ட்டில் மனு சொன்னது. ஜூன் 25-ஆம் தேதி விடுமுறைக் கால பெஞ்ச் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, ஜூலை 4 வரை மரம் வெட்டுவதில்லை என்று என்.பி.சி.சி. ஒப்புக்கொண்டது. பிறகு தடை நீண்டது. மரங்கள் பிழைக்கும் வகையில் வரைபடங்களைத் திருத்துவதாக மத்திய வீட்டு வசதி அமைச்சு அறிவித்தது. ஒரு மரத்துக்குப் பத்துச் செடி என்ற ஈட்டு ஏற்பாடு டில்லியில் முன்பிருந்தே உண்டு. ஐம்பது வருஷத்து வேம்புக்குப் பத்துக் கன்று எப்படி ஈடாகும் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் வரவில்லை. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம், டில்லியில் 50 மரங்களோ அதற்கு மேலோ வெட்டுவதற்குத் தந்த அனுமதியை மத்திய அதிகாரக் குழுவும் பார்த்து ஒப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மந்திரி சபை முடிவுக்கும் மரத்தடிக் கூட்டத்துக்கும் இடையே இரண்டு வருஷ காலம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் வரைபடத்தை மாற்றியிருந்தால் பேனாவும் ரப்பரும் போதும். பிறகு மாற்றுவதற்குக் கோர்ட்டும் வக்கீலும் தேவைப்பட்டார்கள்.

வெளிநாட்டில் ஒரு விதமாக இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஒருவர் தம் நிலத்தைப் பெரிய மனையாகப் பிரித்து வீடுகள் கட்ட விரும்பினால், அந்த நிலத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும், விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பிளானிங் போர்டின் முன் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். எடிசனில் மகன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிற பெரியவர்கள் இந்தக் கூட்டங்களைப் பற்றி அதிசயமாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஒரு வீட்டு விண்ணப்பத்துக்கும் அண்டை அயலாருக்கு 21 நாள் அவகாசம் உண்டு. அங்கேயும் சொந்த வீடு வைத்திருப்பவர் குரல்தான் ஓங்கி ஒலிக்கும், வாடகைக்கு இருப்பவர் குரல் அடங்கித்தான் இருக்கும் என்பது வேறு சங்கதி.

நம் ஊரிலும் மனைப் பிரிவுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. பெரிய லேஅவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பொது இடமாக விட வேண்டும். இதைப் பார்க்காமல் ப்ராவிடண்ட் பண்டில் கடன் வாங்கித் தாம்பரத்துக்கு அப்பால் பிளாட் வாங்கிய டில்லிக் குமாஸ்தாக்கள் எத்தனை பேர்! 2016-இல் சென்னை ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியபோதுதான் பலருக்கும் தம் பிளாட்டின் ஜாதகம் தெரிந்தது. அடுத்த வருஷம் வரன்முறை விதிகள் வந்து ஒரு வழி பிறந்தது.

1,292 பேரின் ஆட்சேபணை

டில்லியில் மக்கள் பேசுவதற்குச் சட்டம் திறந்து வைத்திருக்கிற கதவு ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டு டில்லி வளர்ச்சிச் சட்டத்தின்படி மாஸ்டர் பிளானை மாற்றினாலோ, ஒரு நிலத்தின் உபயோகத்தைக் குடியிருப்பிலிருந்து வியாபாரம், பூங்காவிலிருந்து சர்க்கார் அலுவலகம் என்று மாற்றினாலோ, பொது நோட்டீஸ் வெளியிட்டு ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் வாங்க வேண்டும். பிறகு டி.டி.ஏ.வின் விசாரணை வாரியம் கேட்க வேண்டும். 1962 முதல் மாஸ்டர் பிளான் தொடங்கி இன்று வரை இந்தக் கதவு இருக்கிறது.

அதன் பலமும் பலவீனமும் சென்ட்ரல் விஸ்டா விவகாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. ராஜபாதையைச் சுற்றிய நிலங்களின் உபயோகத்தை மாற்ற 2019 டிசம்பர் 21-இல் நோட்டீஸ் வந்தது. 1,292 ஆட்சேபணைகளும் யோசனைகளும் வந்தன. 2020 பிப்ரவரி 6, 7 ஆகிய இரண்டே நாளில் விசாரணை முடிந்தது. மார்ச் 20-இல் இறுதி அறிவிக்கை. வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. 2021 ஜனவரி 5-இல் மூன்று நீதிபதிகளில் இருவர் எல்லாம் சட்டப்படியே நடந்தது என்றார்கள். நீதிபதி சஞ்சீவ் கன்னா மட்டும் மாறுபட்டார். திட்டத்தின் விவரங்களைப் போதுமான அளவு மக்கள் முன் வைக்காமல், விசாரணைக்கு வரப் போதிய அவகாசமும் தராமல் கருத்துக் கேட்டது கருத்துக் கேட்டதாகாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். பெரும்பான்மைத் தீர்ப்புதான் செல்லும். ஆனால் ஆட்சேபணை எழுத உட்காருகிறவர்கள் அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பைப் படிப்பது நல்லது. எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு அதில் வழி இருக்கிறது.

2041-ஆம் ஆண்டுக்கான வரைவு மாஸ்டர் பிளான் 2021 ஜூனில் வந்தபோது சுமார் 33,000 ஆட்சேபணைகளும் யோசனைகளும் குவிந்தன. முதலில் 45 நாள் கொடுத்திருந்தார்கள். கொரோனா காலம் என்பதால் பிறகு நீட்டினார்கள். நடைபாதை வியாபாரிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் ஜுக்கிவாசிகளும் சங்கம் சங்கமாக மனு எழுதியது டில்லிக்குப் புதிது. 2023 பிப்ரவரியில் டி.டி.ஏ. அந்த வரைவை ஏற்று மத்திய அரசுக்கு அனுப்பியது.

மதராஸி கேம்ப்

இனி லோதி ரோட்டின் மறு கோடிக்குப் போகலாம். நிஜாமுதீனைத் தாண்டினால் ஜங்புரா. அங்கே பாராபுல்லா நாலாவின் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்தது மதராஸி கேம்ப். பெயரே சொல்கிறது, குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். பெண்கள் ஜங்புரா, நிஜாமுதீன் சுற்று வட்டாரத்தில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமையல் செய்வார்கள். ஆண்கள் டிரைவர், காவல், கூலி, இஸ்திரி. பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். அம்மா வேலைக்குப் போகிற வழியில் பிள்ளை பள்ளிக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டின் அருமை டில்லியில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் பாராபுல்லா அடைத்துக்கொண்டு சுற்றுப்புறம் வெள்ளக்காடாவது பற்றிய வழக்கு டில்லி ஹைகோர்ட்டில் நடந்தது. நாலாவைத் தூர் வார இயந்திரம் இறங்க வேண்டும், கேம்ப் வழியில் இருக்கிறது என்று துறைகள் சொல்லின. 2025 மே 9-ஆம் தேதி கோர்ட், மழைக்கு முன்பே வேலை நடக்க வேண்டும் என்றும், ஜூன் 1 முதல் கேம்பை அகற்றலாம் என்றும் உத்தரவிட்டது. பொது நிலத்தில் இருப்பவர்கள் மறுவாழ்வு கேட்கலாம், அதற்கு மேல் உரிமை கொண்டாட முடியாது என்றது. அதன்படியே ஜூன் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை புல்டோசர்கள் வந்தன. தரைமட்டமாயிற்று.

370 வீடுகள். அவற்றில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டென்று முதலில் தீர்ந்தவை 189. தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவை 181. தகுதி பெற்றவர்களுக்குக் கிடைத்தது நரேலாவில் டி.டி.ஏ. பிளாட். லோதி ரோட்டிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர், டில்லியின் வடகோடி. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் முதல் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய பெண் எத்தனை மணிக்கு நரேலாவில் பஸ் ஏற வேண்டும்? பஸ் செலவு போக மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? தமிழ்ப் பள்ளி அங்கே இல்லை. தமிழ் படித்த பிள்ளை ஹிந்திப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் டில்லியில் பிறந்து டில்லியில் கல்யாணம் கட்டியவர்களுக்கு ஊர் எது?

தகுதி விஷயம்தான் இதில் ஆழ்ந்து பார்க்க வேண்டியது. 2015-ஆம் ஆண்டின் டில்லிக் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2006 ஜனவரி 1-க்கு முன்பிருந்த குடியிருப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜுக்கியும் 2015 ஜனவரி 1-க்கு முன் எழுந்ததாக இருக்க வேண்டும். குடியிருப்பவர் பெயர் குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். முப்பது வருஷம் குடியிருந்தும் அந்தச் சமயத்தில் ஓட்டர் லிஸ்டில் பெயர் விட்டுப்போனவர் காகிதத்தில் அங்கே இருந்தவரே அல்ல. ஓட்டு ஊரில் இருக்கட்டும், ரேஷன் இங்கே இருக்கட்டும் என்று பிரித்து வைத்திருந்த குடும்பங்கள் இதில் அகப்பட்டுக்கொண்டன. பட்டியல் விஷயத்தில் மேல்முறையீடு செய்து பிறகு தகுதி பெற்றவர்களும் சிலர் உண்டு. ஆகவே முதல் பட்டியலை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே கொள்கை இன்னொன்றையும் சொல்கிறது. மாற்று வீடு கூடியவரை அதே இடத்திலோ, ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ தரப்பட வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால்தான், வாரியத்தின் முன் ஒப்புதலோடு, அதற்கு அப்பால் தரலாம். ஐந்து எங்கே, நாற்பது எங்கே! ஏழு காலனிகளில் 25,667 வீடுகளுக்கு அளந்து கோடு போட்ட நகரத்தில், அந்த வீடுகளில் வேலை செய்யப்போகிற குடும்பங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் வட்டத்தில் ஒரு மூலை அகப்படாமல் போனது பிளான் போடுகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கோர்ட்டுகள் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. 2010-இல் சுதாமா சிங் வழக்கில் நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும், வெளியேற்றும் முன் ஒவ்வொரு குடும்பமாகக் கணக்கெடுத்து மறுவாழ்வுக்கு வழி செய்ய வேண்டும், குடியிருப்பவர்களோடு உண்மையாகக் கலந்து பேச வேண்டும் என்றார்கள். 2019 மார்ச்சில் அஜய் மாக்கன் வழக்கில், ஷகூர் பஸ்தியில் ரயில்வே இடித்த ஜுக்கிகள் பற்றி, அதையே இன்னும் அழுத்தமாக டில்லி ஹைகோர்ட் சொல்லியது. நகரம் என்பதில் அங்கே உழைக்கிறவர்களுக்கும் பங்குண்டு என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. கணக்கெடுப்புக்கு ஆள் வருகிற அன்று வீட்டில் யாராவது ஒருவர் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளே சாட்சி. வேலைக்கு லீவு சொல்ல முடியாமல் போய், கதவு பூட்டியிருந்ததால் விட்டுப்போன வீடுகள் எந்த சர்வேயிலும் உண்டு.

எங்கே, எப்படி எழுதுவது?

லேஅவுட் வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததும் முதலில் செய்ய வேண்டியது பிளானைக் கண்ணால் பார்ப்பது. தகவல் அறியும் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, ஒப்புதலான லேஅவுட்டின் நகல், ஒவ்வொரு டைப்பிலும் எத்தனை வீடு, எத்தனை மரம், பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் எவ்வளவு நிலம் என்று கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். டைப் விவரத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும். மொத்த வீடுகள் இரட்டித்தாலும் கீழ் டைப் வீடுகள் அதே விகிதத்தில் கூடியிருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. குமாஸ்தாவுக்கு வேண்டியது அந்த எண்தான்.

நில உபயோக மாற்ற நோட்டீஸ் ஆங்கில, ஹிந்திப் பத்திரிகைகளிலும் டி.டி.ஏ. இணையதளத்திலும் வரும். தமிழில் வராது. ஆகையால் காலனிச் சங்கத்திலோ, தமிழ்ச் சங்கத்திலோ, கோயில் கமிட்டியிலோ ஒருவர் வாரம் ஒரு முறை பார்ப்பது என்று வைத்துக்கொள்வது உசிதம். ஆட்சேபணையை விகாஸ் சதனில் கமிஷனர்-செயலாளர் பெயருக்கு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதும்போது 'எங்களுக்குக் கஷ்டம்' என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சாலை, எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், தண்ணீர் இப்போது எத்தனை மணி நேரம் வருகிறது என்று எண்களோடு எழுதினால் வாரியம் ஒதுக்க முடியாது. ஒரே மனுவை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிடப் பத்துப் பேர் பத்து விதமாகத் தம் தம் வீட்டு விவரத்தை எழுதுவது மேல். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தெளிவாக இருக்கட்டும். 2020-இல் விசாரணைக்கு அழைப்பு சில நாட்களே முன்னதாக வந்தது.

ஜுக்கியில் இருப்பவர்கள் வாக்காளர் அட்டை, பழைய ஓட்டர் லிஸ்ட் பக்கத்தின் நகல், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின்சார பில் இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்னொரு பிரதியைச் சொந்தக்காரர் வீட்டில் வைப்பது நல்லது. தகுதி இல்லை என்று வந்தால் எழுத்தில் காரணம் கேட்டு, மேல்முறையீட்டுக்குக் கொடுத்த நாளுக்குள் போட வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால் கேட்க வேண்டிய இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதற்கும் பிறகு வருகிற அப்பீலை, எவ்வளவு நியாயம் இருந்தாலும், எடுத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் இல்லை.